இருந்த இடத்திருந்து கண்ட கோணமலை

தாம் வாழும் ஊரின் எல்லைக்கு அப்பாலுள்ளதைக் காணும் விழைவு மக்களுக்கு இயல்பாக அமைந்தது. ஆயின் அவ்விழைவு எல்லார்க்கும் நிறைவேறுவதில்லை. பொருளின்மை, முதுமை, நோய், இடையிட்ட கடல், போர், அரசர் ஆணை எனத் தடைகள் பல. ஆதலின், சென்று காண இயலாத இடத்தை இருந்த இடத்திலிருந்தே கண்டுகொள்ளும் வழிகளை மனிதன் பண்டுதொட்டே தேடி வந்திருக்கின்றான். பாட்டும் கதையும், ஓவியமும் நிலப்படமும், நிழற்படமும் திரைப்படமும் அத்தேட்டத்தின் பயனாக எழுந்தவை. கணினித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் ஒரு நகரத்தின் தெருக்களினூடே விரலசைவால் நடந்து செல்லும் மெய்நிகர் உலா அவ்வரிசையில் இந்நாளில் வந்து சேர்ந்தது. அஃது இறுதியாக வந்ததேயன்றி முதலாக வந்ததன்று.

இம்மெய்நிகர் உலாவை முன்னில்லாப் புதுமை என வியப்பாரும் உளர். வெறும் பொழுதுபோக்கென இகழ்வாரும் உளர். இருசாராரும் அதன் முன்வரலாற்றை நோக்கினாரல்லர். அவ்வரலாற்றை ஆராய்வதற்குத் திருக்கோணமலை மிகவும் தக்க இடமாகும். ஓர்ஸ் ஹில் மேட்டில் நின்று உள்துறைமுகத்தை நோக்கும் நமக்கு இது நாடோறும் பழகிய ஊர். ஆயின் இவ்வூரை ஒருபோதும் மிதியாத எண்ணிறந்த மக்கள் 1,300 ஆண்டுகளாக இதனைத் தத்தம் இல்லங்களிலிருந்தே கண்டு வந்திருக்கின்றனர். அவர்களுக்கு இதனைக் காட்டியோர் யாவர்? எவருக்காகக் காட்டினர்? எதனைக் காட்டி எதனை விடுத்தனர்? இவ்வினாக்களுக்கு விடை காணின், இன்று நம் கைக்கு எட்டியுள்ள கருவியை நாம் எவ்வாறு ஆளல் வேண்டும் என்பதும் தெளிவாகும்.

பாட்டால் கண்டது

தொலைவிலிருந்து கோணமலையைக் கண்டோருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் திருஞானசம்பந்தர். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெருந்தகை பாண்டிநாட்டுத் தலங்களை வணங்கி இராமேச்சுரத்தை அடைந்தார் என்றும், ஆங்கு இருந்தவாறே ஈழநாட்டுத் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடிப் பரவினார் என்றும் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் கூறுவர். இராமேச்சுரத்திற்கும் கோணமலைக்கும் இடையே 200 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தொலைவு உண்டு; கடலும் காடும் இடைக்கிடந்தன. கண்ணுக்கு எட்டாத அம்மலையை அவர் பாட்டுக்கு எட்டியது.

மூன்றாந் திருமுறையில் உள்ள அப்பதிகத்தைக் கற்போர் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். இறைவன் புகழ் கூறுவதோடு அது நில்லாது, இடத்தின் தோற்றத்தையும் நம் முன் நிறுத்துகின்றது. ஒலிக்கும் கடல் முத்துக்களைக் கரையிலே கொழிப்பதும், அலைகள் அகில் முதலாய விலையுயர் பொருள்களைக் கொணர்ந்து எறிவதும், கோயிலைச் சூழ்ந்து குடிகள் நெருங்கி வாழ்வதும் அங்கே சொல்லப்படுகின்றன. மலையும் கடலும் ஓரிடத்தே கூடிய இயற்கையமைப்பும், கடல் வாணிகத்தாற் செழித்த குடியிருப்பும் அப்பதிகத்தினின்று புலனாகின்றன. நேரிற் சென்று காணாதார் இவற்றை எவ்வாறு அறிந்தனர்? இறையருளால் என்பது அடியார் கொள்கை. வரலாற்று மாணவர் அதனோடு மற்றொன்றையும் கருதலாம். இராமேச்சுரம் ஈழத்திற்கும் பாண்டிநாட்டிற்கும் இடைப்பட்ட துறை. கோணமலைக்குச் சென்று மீண்ட வணிகரும் யாத்திரிகரும் அங்குக் கூடியிருத்தல் இயல்பே. அவர்தம் வாய்மொழியும் பாட்டிற் கலந்திருக்கும் என உய்த்துணர்தல் தவறாகாது.

சென்று மீண்டார் கண்டதைச் செல்லாதார்க்குச் சொல்லுதல் தமிழர்க்குப் பழைய நெறியே. பத்துப்பாட்டினுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை என்னும் துறையின்பாற்பட்டவை. பரிசில் பெற்று மீண்ட கலைஞன், வறுமையுற்று எதிர்வரும் கலைஞனுக்கு வழியையும், வழியிடை ஊர்களையும், ஆங்கு உண்ணக் கிடைப்பனவற்றையும் எடுத்துரைக்கின்றான். கேட்பவன் அடி எடுத்து வைக்குமுன்னரே வழி முழுவதும் அவன் மனக்கண்ணில் விரிந்துவிடுகின்றது. ஈண்டுக் காட்டுவோன் நேரிற் கண்டவன். காண்போனோ அக்காட்சியால் நற்பயன் எய்தவேண்டியவன். இவ்விரண்டும் ஒருங்கு அமைந்தமை ஆற்றுப்படையின் சிறப்பு.

திருநாவுக்கரசர் வரலாறும் இங்கு நினைவிற்கு வரும். கயிலையைக் காணும் வேட்கையால் வடதிசை நடந்து, கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடலாற் புரண்டும் செல்ல முயன்ற அம்முதியவர், இறைவன் ஆணைவழி ஒரு தடத்தில் மூழ்கித் திருவையாற்றிலே எழுந்தார் என்றும், கயிலைக் காட்சியை அங்கேயே கண்டார் என்றும் புராணம் கூறும். கோணமலைக்குத் தட்சிண கைலாசம் என்னும் பெயர் வழங்குவதும் இக்கருத்தோடு ஒத்ததே. எட்டாத வடகயிலையைத் தென்கடற் கரையில் எட்டுமாறு செய்தனர் நம் முன்னோர். அவ்வகையில் நம் ஊரின் பெயரிலேயே தொலைவை அணிமையாக்கும் முயற்சி பதிந்து கிடக்கின்றது.

பகைவன் கையிற் பிழைத்த படம்

பாட்டு இடத்தை நினைவில் நிறுத்தும்; ஆயின் கல்லின் அளவையும் வாயிலின் அமைப்பையும் முற்றாகக் காட்டாது. அக்குறை எத்துணைப் பெரிது என்பதைப் போர்த்துக்கேயர் காலம் நமக்கு உணர்த்திற்று.

1620களின் முற்பகுதியில், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா த நொறொஞ்ஞா கோணேசர் கோயிலை இடிப்பித்து, அதன் கற்களைக் கொண்டு அம்முனையிலேயே கோட்டை எழுப்புவித்தான். இதனினும் வியப்பிற்குரியது ஒன்று உண்டு. கோயிலை இடித்தவனே அதனைப் பற்றிய குறிப்பையும், அங்குக் கண்ட கல்வெட்டொன்றின் செய்தியையும், வரைபடத்தையும் தன் நாட்டிற்கு அனுப்பினான். அவை லிஸ்பன் நகரத்து அஜுதா நூலகத்திற் பாதுகாக்கப்பட்டன. பண்டைக் கோயில் எவ்வாறு இருந்தது என ஆராயும் அறிஞர் இன்று அப்பகைவன் விட்ட சான்றையே நாடவேண்டியவராயினர். முனையின் நீளம் என்ன, அகலம் என்ன என அளந்து எழுதிய அவன் கண், கோயிலை வணங்கும் கண்ணன்று. கோட்டைக்கு நிலம் தேடும் கண். எனினும் அளந்தவன் அவனே. ஆதலால் எஞ்சியதும் அவன் அளவே.

அக்காலத்து நம்மவர் வாளாவிருந்தனர் என்று கொள்ளுதல் பொருந்தாது. திருவுருவங்கள் சிலவற்றை மண்ணுட் புதைத்துக் காத்தனர். வழிபாட்டைத் தம்பலகாமத்து ஆதி கோணநாயகர் கோயிலில் தொடர்ந்து நிகழ்த்தினர். கவிராச வரோதயன் இயற்றிய கோணேசர் கல்வெட்டு என்னும் நூல், குளக்கோட்டு மன்னன் வகுத்த திருப்பணி முறைகளை விரித்துரைக்கின்றது. தானத்தார் கடமை எது, வரிப்பத்தார் கடமை எது, எக்குடியார் எத்தொண்டிற்கு உரியர், எந்நிலத்து வருவாய் எதற்கு உரியது என்பன அதனுட் காணப்படும். அந்நூலைப் படிப்பார்க்குக் கோயிலின் சுவர் புலனாகாது. அதனுள் இயங்கிய மக்கள் புலனாவர். போர்த்துக்கேயன் கல்லைக் குறித்தான், மக்களைக் குறித்திலன். நம்மவர் மக்களைக் குறித்தனர், கல்லின் உருவைக் குறித்திலர். இரண்டும் ஒருவர் கையில் ஒருங்கு அமையாமையே நம் இழப்பாயிற்று.

பின்னர் நிகழ்ந்தவை அண்மைக்காலத்தன. 1950இல் கிணறு தோண்டும்போது மண்ணுட் புதைந்திருந்த செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சன் என்பார் பாறையடியில் கடலுள் மூழ்கி இலிங்கம் ஒன்றை மீட்டார். அவருடன் இங்கு ஆழ்கடல் ஆராய்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், 1957இல் வெளியிட்ட நூலில் நீருட் கிடந்த கோயிற் சிதைவுகளை உலகோர்க்கு எடுத்துரைத்தார். கடலைக் கண்ணாற் காணாதாரும் கோணமலைக் கடலின் அடித்தளத்தைத் தம் வீட்டு நாற்காலியில் இருந்தவாறே கண்டனர். 1963இல் புதுக்கோயிலின் குடமுழுக்கு நிறைவேறியது. இடிபட்ட நாளுக்கும் அந்நாளுக்கும் இடையே ஏறத்தாழ 340 ஆண்டுகள் கழிந்தன. அத்துணைக் காலமும் பழங்கோயிலின் பெருமையை நம் இல்லங்களில் நிலைநிறுத்தியது திருஞானசம்பந்தர் பதிகமே என்றால் அது மிகையன்று.

சிறைப்பட்டவன் எழுதிய நாடு

கோணமலைத் துறைக்கு எதிரே தெற்கில் விளங்குவது கொட்டியாரக் குடா. 1659 நவம்பரில் இந்தியக் கிழக்குக் கரையில் வீசிய புயலால் பாய்மரம் இழந்த ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது தீர்க்கும்பொருட்டு அக்குடாவிற்கு வந்தது. அதன் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்சும் மாலுமியர் சிலரும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு உள்நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தந்தை ஆங்கே இறந்தார். மகன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டிநாட்டு ஊர்களில் தங்கி, 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து, பின் தாயகம் மீண்டான்.

1681இல் இலண்டனில் வெளிவந்த நொக்சின் நூல், இலங்கைத் தீவின் உள்நாட்டை ஆங்கில மக்கள் தம் வீட்டிலிருந்தே காணச் செய்தது. வயலுழும் முறை, நெல் வகை, உணவு, உடை, அரசன் கொடுமை, குடிகள் வழக்கம் ஆகிய யாவும் அதில் உண்டு. அரசின் தூதராக வந்தோரும் வணிகராக வந்தோரும் கரையில் நின்று கண்டவற்றினும், சிறையாளனாக ஊரவர் நடுவே வாழ்ந்தவன் கண்டவை ஆழமானவை. நெல் விளைவித்தும் தொப்பி பின்னி விற்றும் தானே பிழைக்கவேண்டி நேர்ந்தமையால் அந்நாட்டு வாழ்க்கையை அவன் அறிந்தான். ஒரு காட்சியின் தரம் காண்போன் அங்குத் தங்கிய காலத்தையும், தங்கிய முறையையும் பொறுத்தது என்பதற்கு இந்நூல் நற்சான்று.

அந்நூல் பின்னும் ஒரு பயணம் செய்தது. 1934இல் பசில் ரைற் என்னும் ஆங்கிலேயர் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக இலங்கையின் பாட்டு என்னும் பொருள்படும் திரைப்படமொன்றை எடுத்தார். அதன் பின்னணியுரை பெரும்பாலும் நொக்சின் நூலிலிருந்தே கொள்ளப்பட்டது. அதனைப் படித்தவர் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட். ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்கு முன் கொட்டியாரத்திற் சிறைப்பட்டவனின் சொற்கள், இலண்டனிற் தேநீர் அருந்துவோர்க்கு இலங்கையைக் காட்டும் குரலாயின. கலையழகில் உயர்ந்தது அப்படம் என்பதை மறுப்பாரிலர். எனினும் அதற்குப் பொருளுதவியது தேயிலை விற்கும் சபை. காணும் இடம் எவ்வளவு அழகாயினும், காட்டுவோனின் தேவை எங்கோ ஓரிடத்தில் நின்று அதனை இயக்கும் என்பதை மாணவர் மறத்தலாகாது.

கோட்டை மேல் நின்ற கண்

ஐரோப்பாவில் இருந்த இடத்திருந்து காணும் காட்சி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. றொபேட் பாக்கர் என்னும் ஓவியர், காண்போனை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் வட்டமாக ஓவியத்தை அமைக்கும் முறைக்கு 1787இல் காப்புரிமை பெற்றார். 1793இல் இலண்டன் லெஸ்ரர் சதுக்கத்தில் அதற்கென ஒரு வட்டக் கட்டடம் எழுந்தது. கட்டணம் கொடுத்து உட்புகுந்தோர் தொலைநாட்டு நகரங்களையும் கடற்போர்களையும் தம்மைச் சூழக் கண்டனர். இன்றைய மெய்நிகர் உலாவில் காண்போன் ஒரு கோளத்தின் நடுவில் நின்று எப்பக்கமும் திரும்பிப் பார்க்கும் அமைப்பிற்கு அவ்வட்டக் கட்டடமே மூத்தது.

அக்காலத்துக் காட்சிகளுள் ஒன்று தமிழகத்தின் அயலில் நிகழ்ந்த செய்தி பற்றியது. 1799 மே மாதம் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். மறு ஆண்டே றொபேட் கேர் போட்டர் என்னும் இளம் ஓவியர் 100 அடிக்கு மேற்பட்ட நீளமுடைய ஓவியத்தில் அக்கோட்டை முற்றுகையை வரைந்து இலண்டனிற் காட்சிக்கு வைத்தார். மக்கள் திரண்டு சென்று கண்டனர். அவ்வோவியர் அதுகாறும் இந்தியாவைக் கண்டவரல்லர். திருஞானசம்பந்தரும் கோணமலையை நேரிற் காணாமலே பாடினார். போட்டரும் சீரங்கப்பட்டணத்தை நேரிற் காணாமலே வரைந்தார். வேறுபாடு யாதெனின், முன்னவர் பாட்டில் அவ்விடத்து மக்கள் செழித்து வாழ்கின்றனர். பின்னவர் ஓவியத்தில் அவ்விடத்து மக்கள் தோற்று வீழ்கின்றனர். நேரிற் காணாமை இருவர்க்கும் பொது. நெஞ்சில் நின்ற அன்பும் வெற்றிச் செருக்குமே இரு காட்சிகளையும் வேறாக்கின.

கோணமலைத் துறையும் அக்காலத்தே இலண்டனுக்குச் சென்றது. 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இவ்வூரைக் கைப்பற்றினர். சாமுவேல் டானியல் என்னும் ஓவியர் 1808இல் வெளியிட்ட இலங்கைக் காட்சித் தொகுதியில் கோணமலைத் துறைமுகக் காட்சி ஒன்று உண்டு. அஃது ஒஸ்டன்பேர்க் கோட்டையினின்று வரையப்பட்டது. ஓவியம் நேர்த்தியானதே. எனினும் நின்ற இடம் கோட்டை, நோக்கிய பொருள் கப்பல் தங்கும் துறை என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். கோட்டையினின்று பார்ப்போனுக்கு மீனவர் குடியிருப்பும் சந்தையும் கோயில் வீதியும் கரையோரத்துப் புள்ளிகளாகவே தோன்றும்.

பின்னர் நிழற்படம் வந்தது. 1838இல் சாள்ஸ் வீற்ஸ்ரன் என்னும் அறிஞர் ஓர் உண்மையை விளக்கினார். நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களிற் காண்கின்றன. மூளை அவ்விரண்டையும் ஒன்றாக்கி ஆழத்தை உணர்கின்றது. அவ்வாறே இரு கோணங்களில் எடுத்த இரு படங்களை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டின், தட்டையான தாளில் ஆழம் தோன்றும். இவ்வடிப்படையில் அமைந்த இரட்டைப்படக் கருவி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்க இல்லங்களிற் பெருவழக்காயிற்று. இன்று தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர்க் கண்ணாடியும் இதே நெறியிலேயே இயங்குகின்றது. இலங்கையில், 1890இல் தொடங்கிய பிளாத்தே நிறுவனம் முதலாயவை அச்சிட்ட படத் தபாலட்டைகள் ஒரு சிறு முத்திரையின் செலவில் இத்தீவை உலகெங்கும் கொண்டுசென்றன.

இந்நாட் கருவியும் அதன் எல்லையும்

கூகிள் நிறுவனம் 2007இல் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் தொடங்கிய வீதிக்காட்சி 2016இல் இலங்கைக்கு வந்தது. வாகனத்தின் கூரைமேற் பொருத்திய பல வில்லைகள் சுற்றுப்புறம் முழுவதையும் இடைவெளி விட்டுப் படமெடுக்கின்றன. அப்படங்களைக் கணினி ஒட்டி ஒரு கோளமாக்குகின்றது. செய்மதி வழியறியும் கருவி ஒவ்வொரு கோளமும் நிலத்தில் எங்குள்ளது எனக் குறிக்கின்றது. காண்போன் ஒரு கோளத்தினின்று அடுத்ததற்குத் தாவுவதே வீதியில் நடப்பது போலத் தோன்றுகின்றது. 2020 மார்ச் 20ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, கோயிலும் கடற்கரையும் அடைபட்ட நிலையில், இவ்வகைக் காட்சிகளின் அருமையைப் பலர் உணர்ந்தனர். 1983இன் பின் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் குடியேறிய இவ்வூரார்க்கு அவ்வருமை அதற்கு முன்பே தெரியும். மீண்டு வர இயலாதார் பலர் தாம் பிறந்த வீதியைத் திரையில் தேடுகின்றனர். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதுவே கோணமலையின் முதற்காட்சியாகின்றது.

இத்துணைப் பயனுடைய கருவிக்கும் எல்லைகள் உள. வாகனம் செல்லாத ஒழுங்கை அதனுட் புலனாகாது. அது காட்டுவது ஒரு நாளின் ஒரு பொழுதை மட்டுமே. கடற்காற்றும் கச்சான் வெப்பமும் திரையில் வாரா. கருவறையைப் படம்பிடித்தல் முறையன்று. படத்தைக் காண்டல் வழிபாடும் ஆகாது. இவை எல்லாரும் அறிந்தவை. எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று உண்டு. கருவி கல்லைக் காட்டும். அக்கல் இன்னதென்று சொல்லாது.

பிரெடெரிக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு நாடோறும் மக்கள் செல்கின்றனர். அவ்வாயிற் கற்களில் இணைக்கயற் சின்னமும் தமிழ்க் கல்வெட்டின் பகுதியும் உள. திரையில் அவ்வாயிலைக் காண்பானுக்கு அவை வெறும் கீறல்கள். அச்சின்னம் பாண்டியர்க்குரியதென்றும், இடிபட்ட கோயிலின் கல் கோட்டை வாயிலாயிற்றென்றும் ஒருவர் அருகிருந்து சொன்னால் மட்டுமே அக்கீறல்கள் வரலாறாகும். பெரியகுளத்தை அடுத்த வெல்கம் விகாரையும் அத்தகையது. நாதனார் கோவில் என ஊரார் வழங்கிய அப்பௌத்தப் பள்ளி, சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. 11ஆம் நூற்றாண்டிற் தமிழர் அதற்கு விளக்கும் கால்நடையும் வழங்கிய செய்தியைத் தமிழ்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவ்விடத்தைக் காட்டுவோன் இப்பெயர்கள் அனைத்தையும் சொல்லுதல் வேண்டும். ஒரு பெயரை மறைத்து மற்றொன்றை நாட்டுதல், எவர் செய்யினும், வரலாறாகாது.

முன்கூட்டிப் பதிந்தோரின் பயன்

அழிவு நேருமுன் பதிந்து வைத்தலின் பயனுக்கு இக்காலத்துச் சான்றுகள் உள. 2001இல் ஆப்கானித்தானத்துப் பாமியான் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்டன. அதனால் உள்ளம் வருந்திய பொறியியலர் பென் கசீரா, உலகத் தொல்லிடங்களை ஒளிக்கதிர் கொண்டு அளந்து பதியும் சையார்க் என்னும் நிறுவனத்தை 2003இல் தொடங்கினார். பாரிசு மாநகரத்து நோத்ர தாம் பேராலயத்தை அன்ரு தலன் என்னும் கலைவரலாற்றுப் பேராசிரியர் அதே முறையில் நுணுகி அளந்து வைத்தார். 2019 ஏப்பிரலில் அவ்வாலயம் தீப்பற்றியபோது அவர் உயிருடன் இலர். அவர் அளவுகள் இருந்தன. 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. அவர் விட்டுச்சென்ற அளவுகளும் அத்திருத்த வேலைக்கு உதவின. கோணேசர் கோயிலுக்கோ அத்தகைய நண்பர் ஒருவர் அந்நாளில் வாய்த்திலர். பகைவன் குறிப்பே மிஞ்சியது.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுட் பலவற்றிற்கு வேறு படியில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து எவரும் எங்கிருந்தும் படிக்குமாறு வைத்து வருகின்றது. தன்னார்வலர் பலர் கூடிச் செய்த பணி அது. நூலுக்குச் செய்ததை இடத்திற்கும் செய்யலாகாதோ?

செய்யலாம், அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சுற்றுப்புறம் முழுவதையும் எடுக்கும் நிழற்பட வசதி கைத்தொலைபேசியிலேயே உளது. வேண்டுவது முறை. எடுத்த நாளையும் நின்ற இடத்தையும் குறித்தல் முதலாவது. இடத்திற்கு ஊரார் வழங்கும் பெயர்கள் எல்லாவற்றையும், தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என எவர் வழங்குவதாயினும், எழுதுதல் இரண்டாவது. அவ்விடத்தை அறிந்த முதியோர் குரலைப் பதிந்து படத்துடன் இணைத்தல் மூன்றாவது. கோயிற் பொறுப்பாளரின் இசைவும் இல்லத்தாரின் இசைவும் பெறுதல், கடற்படையினரின் கட்டுப்பாட்டிலுள்ள இடங்களிற் படமெடாமை ஆகியன நான்காவது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளும், தம்பலகாமத்துக் கோயிலும், மூதூர், கிண்ணியாக் கரைகளும் இம்முறையிற் பதிவு பெற்றால், கோணேசர் கல்வெட்டு காட்டிய மக்களும் பகைவன் படம் காட்டிய கல்லும் ஒரே காட்சியில் ஒருங்கு கூடும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் இம்மாவட்டக் கரையூர்களை அழித்தபோது, முன்னிருந்த தோற்றத்தைக் காட்டத் திருமணப் படங்களின் பின்புலமன்றி வேறொன்றும் இல்லாத குடும்பங்கள் இருந்தன. அந்நிலை மறுபடியும் நேரலாகாது.

வீட்டிலிருந்தே காணலாம் என்றால் மக்கள் வருவாரோ என ஐயுறுவார் சிலர். திருஞானசம்பந்தர் இருந்த இடத்திருந்து பாடியதனாற் கோணமலைக்கு அடியார் வருகை குறையவில்லை. அப்பாட்டே தலைமுறை தலைமுறையாக அவர்களை இங்கு வருவித்தது. அன்புடன் காட்டப்பட்ட இடத்தை நேரிற் காணும் வேட்கை பெருகுமேயன்றிக் குன்றாது.

ஆகவே, மெய்நிகர் உலாவை வியத்தலும் இகழ்தலும் நமக்கு வேண்டா. கோணமலையை அளந்தவன் போர்த்துக்கேயன். எழுதியவன் சிறைப்பட்ட ஆங்கிலேயன். வரைந்தவர் கோட்டை மேல் நின்ற ஓவியர். இன்று வீதிகளைப் படமெடுப்பது தொலைநாட்டு நிறுவனம். அவர்தம் உழைப்பிற்கு நாம் கடப்பாடுடையோம். எனினும் நம் ஊரை உலகிற்குக் காட்டும் கடமை நம்முடையது. கல்லூரியில் வரலாறு கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஒழுங்கை, தம் குளம், தம் கோயில் ஆகியவற்றுள் ஒன்றையேனும் முறைப்படி பதிந்து, அறிந்தார் வாய்மொழியுடன் கல்லூரி நூலகத்தில் வைப்பாராக. பழைய மாணவர் எந்நாட்டில் இருப்பினும் தம் நினைவிலுள்ள பெயர்களையும் பெட்டியிலுள்ள படங்களையும் அனுப்பி அதனை நிறைவாக்குவாராக. பின்வருவோர் இருந்த இடத்திருந்து காணும் கோணமலை நம்மவர் கண்ணாற் கண்டதும், நம்மவர் வாயாற் பெயர் சொல்லப்பட்டதுமாய் விளங்கல் வேண்டும்.